ராகுகாலத்துல பாத்த வண்டி

சதீஷ் அண்ணா, உன் பேர எழுதிட்டுத்தான் ஆரம்பிக்கறேன்.

செவ்வாக்கெழம, வெள்ளிக்கெழம துர்க்கையம்மனுக்கு வெளக்கு போட வர்ற அக்காங்களே, அம்மாங்களே, எனக்கு எழுதல்லாம் வராது. பத்தாவதோட நின்னுட்டேன். கோயில்ல நான் ஒக்காந்து அழுதுகினு இருந்தப்ப ஒரு அக்கா என்னான்னு கேட்டாங்க. சொன்னேன். "இத எல்லாருக்கும் எழுதிக் குடு பாப்பா"ன்னாங்க. பேசற மாதிரியே எழுதறேன்.

எங்க ஊரு முத்தாண்டிக்குப்பம். அப்பா நான் சின்னப் புள்ளையா இருக்கும்போதே போயிட்டாரு. அம்மா நெய்வேலி டவுன்ஷிப்ல காண்ட்ராக்ட்ல பெருக்குற வேல பாக்குறாங்க. எங்க அண்ணன் சதீஷ் வாடகைக்கு கார் ஓட்டுச்சு. மொதல்ல அடுத்தவங்க வண்டி. அப்பறம் சொந்தமா ஒரு பழைய கார் வாங்குச்சு.

அந்த கார வாங்குன அன்னிக்கு வெள்ளிக்கெழம. வண்டிய சுத்திப் பாத்துகூட முடிக்கல. புரோக்கரு வாட்ச பாத்துட்டு, "தம்பி, ராகுகாலம் வந்துரும், அதுக்குள்ள அட்வான்ஸ குடுத்துட்டு சாவிய வாங்கிக்க"ன்னாரு. நாங்களும் எல்லாரும் அதத்தான் சொன்னோம். சீக்கிரம் சீக்கிரம்னு. டயருக்கு கீழ எலுமிச்சம்பழம் வச்சோம். பானெட்டு மேல பொட்டு வச்சோம். பானெட்டுக்கு உள்ள என்னா இருக்குன்னு யாரும் பாக்கல.

போன ஆடி மாசம் சேத்தியாத்தோப்புல சவாரி எறக்கி உட்டுட்டு திரும்பி வரும்போது வண்டி சூடாகி நின்னுடுச்சு. நல்ல மத்தியானம். அண்ணன் ரோட்டோரம் பானெட்ட தொறந்து வச்சிகினு, ஆவி அடங்கட்டும்னு நின்னுகினு இருந்துருக்கு. பின்னாடி ஒரு லாரி வந்துச்சு. அதுக்கு மேல நான் எழுத மாட்டேன்.

அப்ப குமுதா அண்ணிக்கு மூணு மாசம்.

எனக்கு ஒரு எடத்துல ஒக்கார முடியல. தெருக்கோடி வரைக்கும் போவேன், திரும்பி வருவேன். சோறு போட்டுட்டு சாப்புடாம எழுந்துருவேன். ரோட்டுல ஹாரன் கேட்டா வாசலுக்கு ஓடுவேன். எதுக்கு ஓடறேன்னு எனக்கே தெரியாது. அம்மா பாத்துகினே இருப்பாங்க.

அண்ணிக்கு பிரஷர் ஏறிடுச்சு. பிரசவம் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியிலதான் பாக்கணும், அடிக்கடி வந்து காட்டணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. பஸ்சுல போனா வாந்தி, மயக்கம். வாடகை கார்ல போனா அத விட மோசம். வண்டி எங்கயாவது நின்னா போதும், சிக்னலா இருந்தாலும் சரி, அண்ணி என் கைய நகம் பதியற மாதிரி புடிச்சிக்கும். ஒரு தடவ பாதி வழியில டிரைவரு டீ குடிக்க நிறுத்துனாரு. அண்ணி எறங்கி வேகவேகமா நடக்க ஆரம்பிச்சிடுச்சு. அந்த வயித்த தூக்கிகினு. நான் பின்னாடியே ஓடுனேன். அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கே போவல.

வூட்டுக்கு வந்து அண்ணி சொல்லுச்சு, "நீ ஓட்டுனா வரேன் சந்தியா. ஆனா நடுவழியில நிக்காத வண்டியா இருக்கணும். நின்னுடுச்சுன்னா என்னால ஆவாது. புள்ள இங்கயே பொறக்கட்டும், நடக்கறது நடக்கட்டும்."

அவ்வளவுதான். எனக்கு வேண்டியது அந்த ஒண்ணுதான். நடுவழியில நிக்காத ஒரு வண்டி. எனக்கு ஓட்டத் தெரியும். அண்ணன்தான் கத்துக் குடுத்துச்சு. ஞாயித்துக்கெழம டவுன்ஷிப் ரோடெல்லாம் அகலமா காலியா கெடக்கும், அங்க கூட்டிகினு போயி கத்துக் குடுக்கும். லைசென்சும் எடுத்துட்டேன். ஆனா எந்த வண்டி நிக்காதுன்னு எப்புடி தெரியும்? எல்லா வண்டியும் பாக்கறதுக்கு பளபளன்னுதான் இருக்கு. ராத்திரி பகலா போன்ல பழைய கார் படமா பாத்துகினு இருந்தேன். எத பாத்தாலும் பானெட்டுலேந்து ஆவி வர்ற மாதிரியே இருக்கும்.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, நெய்வேலி நிலக்கரி மைன்ஸ்ல காண்ட்ராக்ட் வேல. சட்டப் பையில எப்பவும் குட்டி காலண்டரு வச்சிருப்பாரு. அவருதான் சொன்னாரு, "டவுன்ஷிப்ல ரிட்டயர்டு ஆவுற சாருங்க வண்டிய பாரு புள்ள. குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு சொந்த ஊருக்கு போவும்போது விப்பாங்க. வூட்டுலேந்து மைன்ஸ், மைன்ஸ்லேந்து வூடு. ஓடியே இருக்காது. புதுசு மாதிரி இருக்கும்." இங்க எல்லாரும் அப்புடித்தான் நம்பறோம். நானும் நம்புனேன்.

கார்த்திக மாசம் அப்புடி ஒரு சாரு வண்டி வந்துச்சு. அவரு திருநெல்வேலி பக்கம். வண்டி சின்னது, செவப்பு கலரு. கொஞ்சூண்டுதான் ஓடியிருக்கு. மாமா காலண்டர பொரட்டி, "வெள்ளிக்கெழம காலையில முடிச்சிரணும். தள்ளிகினே போனா மார்கழி பொறந்துரும், மார்கழியில வண்டி எடுக்கக்கூடாது. தை வரைக்கும் காத்திருந்தா குமுதாவுக்கு மாசம் நெருங்கிடும்"னாரு.

வெள்ளிக்கெழம நான் அண்ணியையும் கூட்டிகினு கெளம்புனேன். மாமாவுக்கு மொகமே மாறிப்போச்சு.

"நல்ல காரியத்துக்கு போறோம். இவ எதுக்கு?"

"அது ஒக்கார்றதுக்குத்தான் மாமா வண்டியே."

"வருஷங்கூட திரும்பல புள்ள. நாலு பேரு என்னா சொல்வாங்க?"

"அந்த நாலு பேரையும் வண்டியில ஏத்த மாட்டோம், பயப்படாத மாமா."

அண்ணி செருப்ப போட்டுகினு முன்னாடி நடந்துச்சு.

குவார்ட்டர்சுக்கு போனா சாரு இல்ல. ரிட்டயர்மென்ட் விஷயமா ஆபீசுல கூப்புட்டாங்கன்னு போயிருக்காரு. அவரு வூட்டம்மாதான் இருந்தாங்க. நல்ல நேரம் ஓடுது. மாமா கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடக்கறாரு. சாரு ஸ்கூட்டர்ல வந்து எறங்கும்போது ராகுகாலம் ஆரம்பிச்சிடுச்சு.

"சார், இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. பன்னண்டு மணி வரைக்கும் காசு கைமாறக் கூடாது"ன்னாரு மாமா.

"அதுக்கென்னய்யா, உள்ள வந்து இரும். காப்பி குடிக்கிறதுக்கு ராகு ஒண்ணும் சொல்ல மாட்டாரு"ன்னாரு சாரு.

அன்னிக்கு மழ வர்ற மாதிரி ஒரே புழுக்கம். வூட்டுக்குள்ள சாமானெல்லாம் கட்டி வச்சிருக்காங்க, ஃபேன கூட கழட்டிட்டாங்க. அண்ணிக்கு வேர்த்து ஊத்துது. அந்த அம்மா பாத்துட்டு, "புள்ளத்தாச்சிப் பொண்ணு இப்படி வேக்காட்டுல கெடக்கலாமா? கார்ல ஏசி போட்டு இருக்கச் சொல்லுங்க"ன்னு சாவிய எடுத்துக் குடுத்தாங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணி, ஏசிய போட்டு, அண்ணிய ஒக்கார வச்சேன். மாமாவையும் அந்த அம்மாவையும் அண்ணிய பாத்துக்கச் சொல்லிட்டு நான் வெளிய வந்துட்டேன். என்னால சும்மா இருக்க முடியல.

பையில நாலு எலுமிச்சம்பழம் இருந்துச்சு. டயருக்கு கீழ வைக்க வாங்குனது. அத எடுத்துகினு சிவன் கோயிலுக்கு நடந்தேன். வெள்ளிக்கெழம ராகுகாலத்துல அங்க துர்க்கைக்கு எலுமிச்சம்பழ வெளக்கு போடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். எனக்கு அதான் மொத தடவ. ஒரு அக்கா கத்தி குடுத்தாங்க. பழத்த அறுத்து, புழிஞ்சி, தோல உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, நெய் ஊத்தி ஏத்துனேன்.

வேண்டுனது இவ்வளவுதான். "தாயி, அண்ணன கேக்கல, அது கெடைக்காதுன்னு தெரியும். நடுவழியில நிக்காத வண்டிய குடு. இந்த வண்டி நிக்கும்னா இப்பவே தடுத்துடு. என் கண்ணுல காட்டு."

வெளக்கு எரிஞ்சிச்சு. மனசு அடங்கல. ஒரு நிம்மதியும் வரல. அக்காங்களே, அதயும் உண்மையா சொல்லிடறேன். வந்த மாதிரியே படபடப்போட திரும்பி நடந்தேன்.

தெரு மொனையில திரும்பும்போதே மாமா கத்தறது கேக்குது.

ஓடுனேன். செவப்பு கார் பானெட்டுலேந்து ஆவி பொசுபொசுன்னு வருது. அண்ணி எறங்கி செவுத்துல சாஞ்சிகினு நிக்குது. அழுவல. வண்டியவே பாத்துகினு, "ஏசி காத்து திடீர்னு சூடாச்சு சந்தியா. அப்பறம் இது" அப்டின்னுச்சு.

சாரு வெளிய ஓடியாந்து தலையில கைய வச்சிகிட்டாரு. "எனக்கே தெரியாதும்மா! நான் ஏசியே போடறது கெடையாது. ஆத்தா சத்தியமா சொல்லுதேன், இந்த ரோட்ட தாண்டி வண்டிய எடுத்ததே இல்ல."

அவரு பொய் சொல்லல. அவருக்கும் தெரியல. வூட்டுக்கும் மைன்சுக்கும் ஓட்டுனா வண்டி சூடாவறதுக்குள்ள எடம் வந்துரும். ஓடும்போது வெளிக்காத்து அடிச்சி இன்ஜின ஆத்திகினே இருக்கும். ஒரே எடத்துல ஏசி போட்டு நிக்க வச்சாத்தான் ரேடியேட்டர் ஃபேன் சுத்தலன்னு தெரியும். சாரு மெக்கானிக்க கூப்புட்டாரு. ஆறுனதும் அவரு மூடிய தொறந்தாரு. உள்ள தண்ணி காப்பி கலர்ல இருந்துச்சு. ஆயில் கலந்துருக்கு, இன்ஜின் போச்சுன்னாரு.

அந்த ராகுகாலம் வரலன்னா நாங்க காச குடுத்துட்டு, எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டு கெளம்பி வந்துருப்போம். அண்ணி வரலன்னா வண்டியில யாரும் ஏசி போட்டு ஒக்காந்துருக்க மாட்டாங்க. எது ரெண்டும் ஆவாதுன்னு மாமா சொன்னாரோ அது ரெண்டையும் வச்சித்தான் துர்க்கையம்மா எங்கள தடுத்தா. பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது மாமாவே அண்ணிக்கு ஒரு இளநி சீவச் சொல்லி வாங்கிக் குடுத்தாரு.

அதுக்கப்பறம் நான் ராகுகாலத்துலதான் வண்டி பாக்கப் போவேன். அந்த நேரத்துல வாங்க முடியாதுல்ல? வாங்க முடியலன்னா அவசரம் கெடையாது. யாரும் சாவிய கையில திணிக்க மாட்டாங்க. குனிஞ்சி பாக்கலாம், ஒக்கார்ந்து பாக்கலாம். ஒரு வூட்டுல, "ராகுகாலத்துல எங்க வாசலுக்கா வர்ற?"ன்னு சொல்லி வாசக் கதவ சாத்திட்டாங்க. பரவால்லன்னு வந்துட்டேன்.

சாரு வூட்டம்மா எங்கள மறக்கல. அண்ணிக்கு போன் பண்ணி, குறிஞ்சிப்பாடியில அவங்களுக்கு தெரிஞ்ச ஒரு அக்கா வண்டி விக்கிறாங்கன்னாங்க. அந்த அக்கா தறிக்காரங்ககிட்ட லுங்கி எடுத்து ஈரோடு வரைக்கும் தானே ஓட்டிகினு போயி விக்கிறவங்க. வண்டி வெள்ள கலரு, ரெண்டு பக்கமும் நசுங்கல். மீட்டர பாத்துட்டு மாமா, "இது ஓடுன ஓட்டத்துக்கு பென்ஷனே குடுக்கலாம்"னாரு.

"ராகுகாலம் முடியற வரைக்கும் ஏசி போட்டு ஓடவிட்டு பாக்கணும்க்கா"ன்னேன், பயந்துகினே.

அந்த அக்கா சிரிச்சாங்க. "தாராளமா பாரு. வண்டி குடிக்கிற எண்ணெக்கு மட்டும் காசு குடுத்துரு. யாருன்னா வந்து உருப்படியா பாக்கறாங்களே, அதுவே எனக்கு அதிசயம்."

அண்ணியும் நானும் உள்ள ஒக்காந்தோம். இன்ஜின் சூடு காட்டுற முள்ளு பாதிக்கு வந்துச்சு. நின்னுச்சு. நேரம் போவுது, முள்ளு அங்கயே நிக்குது. அண்ணி கண்ண எடுக்காம அதயே பாத்துகினு இருந்துச்சு. அப்பறம் சீட்டுல சாஞ்சி தூங்கிடுச்சு. அண்ணன் போனப்பறம் அண்ணி பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்ல. அங்கதான் எனக்கு அழுக வந்துச்சு. இதான் வண்டின்னு தாயி காட்டிட்டா. மெக்கானிக்கும் பாத்து சரின்னாரு. மார்கழி பொறக்கறதுக்கு முன்னாடி நல்ல நேரத்துல எடுத்தோம்.

தைப்பூசத்தன்னிக்கு காலையில அண்ணிக்கு வலி எடுத்துச்சு. டாக்டரம்மா சொன்ன தேதிக்கு முன்னாடியே. வடலூர தாண்டித்தான் போவணும். தைப்பூசத்துல வடலூரு எப்புடி இருக்கும்னு உங்களுக்கு சொல்லணுமா? ஜோதி பாக்க வந்த கூட்டத்துல ரோடு தெரியல, தலைங்கதான் தெரியுது. வண்டி நவுருது, நிக்குது. நவுருது, நிக்குது. பின்னாடி அம்மா மடியில அண்ணி. நான் கிளட்ச மிதிச்சி மிதிச்சி உடறேன். "நின்னுடுச்சா? நின்னுடுச்சா?"ன்னு அண்ணி கேட்டுகினே இருக்கு. "வண்டி ஓடுது அண்ணி, கூட்டந்தான் நிக்குது"ன்னு நான் கத்தறேன். மாமா எறங்கி முன்னாடி ஓடி, "புள்ளத்தாச்சி, வழி வுடுங்க சாமி"ன்னு கும்புட்டுகினே போறாரு. ஜனங்க ஒதுங்குனாங்க. முள்ளு பாதியிலயே இருந்துச்சு.

புதுச்சேரி போயி சேந்தோம். பொம்பளப் புள்ள. எட கம்மி, ஆனா நல்லா கத்துனா. அண்ணியும் நல்லா இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் லேட்டாயிருந்தா ரெண்டு உசுருக்கும் கஷ்டம்னு டாக்டரம்மா சொன்னாங்க.

இப்ப நான் அந்த வண்டிய வச்சித்தான் எங்க ஊரு புள்ளத்தாச்சிங்கள செக்கப்புக்கு கூட்டிகினு போறேன். எந்த வண்டியா இருந்தாலும் ஏறுறதுக்கு முன்னாடி பானெட்ட தொறந்து பாக்கறேன். துர்க்கைக்கு ஒரு வெள்ளியும் தவறல. என் நெஞ்சு இன்னும் அடங்கல. ஹாரன் கேட்டா இன்னும் வாசலுக்கு போறேன். ஆனா வேண்டுனா அவ கேக்கறான்னு எனக்கு தெரியும். நீங்களும் கேளுங்க. மனசுல நிம்மதி வரலன்னாலும் கேளுங்க. எனக்கு அன்னிக்கு வரல, ஆனாலும் அவ செஞ்சா.

கடைசியா ஒண்ணு கேக்கறேன். போன வாரம் அண்ணன் பேருக்கு அர்ச்சனை பண்ணச் சொன்னேன். பேரு சதீஷ், நட்சத்திரம் அனுஷம்னு சொன்னேன். அய்யரு பாவமா பாத்துட்டு, "போனவங்க பேருக்கு அர்ச்சனை பண்றதில்லம்மா"ன்னு தட்ட திருப்பிக் குடுத்துட்டாரு. அவரு மேல தப்பு இல்ல, மொறை அது. ஆனா வெளக்கு போடறப்ப நாம மனசுக்குள்ள சொல்றத யாரும் தடுக்க முடியாது இல்ல? அதனால அக்காங்களே, அம்மாங்களே, அடுத்த வெள்ளிக்கெழம வெளக்கு ஏத்தும்போது எங்க அண்ணன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்னு, அது பேர ஒரு தடவ சொல்லி வேண்டிக்குங்க. சதீஷ். நட்சத்திரம் அனுஷம்.