அகராதியை அப்பா விற்கவில்லை

ஜெயசிங் சாரைப் பற்றி நடந்தவை அனைத்தையும் நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் கூட்ட மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். முன்பு ஒருமுறை ஒரே ஒரு பத்தியைக் கூட்டி எழுதினேன். அதன் விளைவை எங்கள் வீடு இன்றுவரை அனுபவிக்கிறது. அவர் நடத்திய இல்லத்தின் புதிய பொறுப்பாளர், நினைவுக் கூட்டத்துக்கு முன்பே, நினைவு மலருக்காக என்னிடம், “உன்னோட பழைய கடிதம் மாதிரியே உருக்கமா ரெண்டு பக்கம் எழுதிக் குடும்மா” என்று கேட்டார். உருக்கமாக எழுத எனக்கு இப்போது வரவில்லை. சாரை நேசித்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் முழுதாகப் படிக்க வேண்டும்.

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. மில்லர்புரத்தில் எங்கள் வாடகை வீட்டில் நான் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். வேலைக்குப் புறப்பட்டுச் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தவருக்குப் போன் வந்தது. கேட்டுக்கொண்டே, போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“ஜெயசிங் சார் போய்ட்டாவளாம். நெஞ்சுவலி.”

அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. ‘இனி அவர் வாயால் அதைச் சொல்ல வைக்க முடியாது’ என்றுதான் முதலில் தோன்றியது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சார் நாசரேத்துக்காரர். பெரியதாழை போகும் சாலையில், கடலைப் பார்த்த கட்டடத்தில், குடிநோயாளிகள் தொண்ணூறு நாள் தங்கிக் குணமாகும் இல்லத்தை நடத்தினார். ஆராய்ச்சியும் செய்தார். பள்ளி விடுதிகளுக்கும் போவார், சிகிச்சை இல்லங்களுக்கும் போவார். வீட்டை விட்டு வந்து தங்குகிற மனிதன் எதனால் மாறுகிறான், வீடு திரும்பிய பிறகு அந்த மாற்றம் எதனால் நிலைக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. “வீட்டை விட்டு வந்தாத்தான் வீடு கண்ணுக்குத் தெரியும்” என்று அடிக்கடி சொல்வார். கேள்வி நல்ல கேள்விதான். விடையை அவர் முன்கூட்டியே வைத்திருந்தார் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

அப்பா அப்போது தோணியில் தண்டல். அதாவது, சரக்கு ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் தோணியின் தலைவர். காற்று பலமாக வீசும் மாதங்களில் தோணிகள் ஓடாது. பழைய துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். அந்த மாதங்களில்தான் அப்பாவின் குடி கரைமீறும். மூன்று வருடத்துக்கு முன், அப்படி ஒரு காற்றுக்காலத்தில், அம்மாவும் தோணி முதலாளியும் சேர்ந்து அவரை இல்லத்தில் சேர்த்தார்கள். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“தொண்ணூறு நாள்ல தெளிஞ்சு வந்துரு லூர்து. கடல் தெறந்ததும் மொத நடைக்கு நீதான் தண்டல். இல்லன்னா நான் வேற ஆளைப் பாக்கணும் பாத்துக்க.”

அம்மா மீன் பதனிடும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். என்னைப் பள்ளி விடுதியில் விட்டாள். அப்போது நான் எட்டாம் வகுப்பு.

விடுதிக்குத்தான் சார் என்னைப் பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் சிவப்புப் பேனா. “அங்கன உங்கப்பா, இங்கன நீ. ரெண்டு பேரும் தங்கிப் படிக்கிறீங்க” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு படிவத்தைக் கொடுத்தார். ‘தந்தையின் குடியால் நீ இழந்தவை: பத்து நிகழ்ச்சிகள்’ என்று அச்சாகியிருந்தது. கீழே பத்து எண்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு கோடு.

“உங்கப்பாவைத் தவிர யாரும் படிக்க மாட்டாங்க பாப்பா. மனசுல உள்ளதை எழுது. தேதி போட்டுக் கையெழுத்துப் போடு” என்றார்.

ஒன்பது எழுதினேன். ஒன்பதும் உண்மை. என் முதல் நற்கருணை நாளில் அப்பா கோயில் வாசலில் விழுந்து கிடந்ததை எழுதினேன். அம்மாவின் கையில் கொதிக்கும் கஞ்சி கொட்டியதை எழுதினேன். பத்தாவது இடம் காலியாக இருந்தது. நான் பரீட்சைத் தாளில் ஒரு கேள்வியைக்கூட விட்டவள் இல்லை. காலி இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

அந்த வருடம் கட்டுரைப் போட்டியில் எனக்கு ஒரு பெரிய தமிழ் அகராதி பரிசாகக் கிடைத்திருந்தது. மொட்டைமாடியில் படித்துவிட்டு மறந்து அங்கேயே வைத்துவிட்டேன். மழையில் ஊறி, உப்பி, ஒரு தலையணை அளவுக்கு ஆகிவிட்டது. திட்டுக்குப் பயந்து டிரங்குப் பெட்டியில் பழைய யூனிபாரத்துக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அம்மா தேடியபோது தெரியாது என்றேன். பத்தாவது இடத்தில் அதை இப்படி நிரப்பினேன்: ‘குடிப்பதற்காக என் அகராதியைப் பழைய பேப்பர் கடையில் விற்றீர்கள். தராசில் அதை வைத்தபோது முள் ஆடியது. உங்கள் மனம் ஆடவில்லை.’

எழுதி முடித்ததும் எனக்கே அது பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குடும்ப ஞாயிறு என்று மாதம் ஒருமுறை வீட்டாரை இல்லத்துக்கு அழைப்பார்கள். நானும் அம்மாவும் போனோம். கூடத்தில் நாற்பது ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சார் நடுவில் நின்று என் படிவத்தை எடுத்தார். ஒன்று முதல் பத்து வரை உரக்கப் படித்தார். பத்தாவதை இரண்டு முறை படித்தார். “எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியிருக்கு. பத்தாவதுதான்யா இதுல உயிரு” என்றார். யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

அப்பா எழுந்து நின்றார். இரண்டரை மாதத்தில் முகம் தெளிந்திருந்தது.

“சார், மத்ததெல்லாம் செஞ்சேன். ஒத்துக்கிடுதேன். ஆனா அந்தப் புஸ்தகத்தை நான் விக்கல. புள்ளைட்டயே கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். சிவப்பு ஆக்சைடு தரையில் ஒரு விரிசல் இருந்தது. அது சுவர் வரை போனது. அதைப் பார்த்து முடிப்பதற்குள் சார் பேசிவிட்டார்.

“பாத்துக்கிடுங்க. இதுக்குப் பேருதான் மறுப்பு. பத்துல ஒம்பதைக் குடுத்துட்டு ஒண்ணை முந்தானையில முடிஞ்சு வைக்கிறது. மறுப்பும் நோய்தான், குடி மாதிரி. அது தீராம தண்டல் கப்பலேற முடியாது.”

சிலர் சிரித்தார்கள். “ஏ தண்டலு, நங்கூரத்தைப் போட்டாச்சு, உக்காருலே” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

சார் அப்பாவுடைய கோப்பில் ‘மறுக்கிறார்’ என்று எழுதி, இன்னும் நாற்பத்தைந்து நாள் கூட்டிவிட்டார். கடல் திறக்க இருபது நாள்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை விடுதியில் அனுமதி கேட்டு வீட்டுக்குப் போனேன். அகராதியைப் பையில் போட்டுக்கொண்டு தனியாகப் பேருந்து ஏறி இல்லத்துக்குப் போனேன். சார் தன் அறையில் எழுதிக்கொண்டிருந்தார். அகராதியை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன். அவர் முதல் பக்கத்தைத் திருப்பி, என் பெயரையும் பள்ளி முத்திரையையும் பார்த்தார். மூடினார். என் பையை இழுத்து, தன் கையாலேயே அதை உள்ளே வைத்தார்.

“யாருட்டயும் காட்டாத பாப்பா. இந்த ஒண்ணு பொய்னு தெரிஞ்சா மத்த ஒம்பதும் பொய்ம்பாரு. இருபது வருசமா இவங்களைப் பாக்குதேன்.”

“அப்பா போக வேண்டிய தோணி சார்...”

“தோணி அடுத்த வருசமும் ஓடும். உங்கப்பா இருக்கணும்லா?”

அவர் தெரிந்தே செய்தார். அவர் மீது நான் கொண்ட வெறுப்பு அந்த மேசையருகில் தொடங்கியது. தவறு செய்தவள் நான். அதைத் திருத்தத்தான் போனேன். அந்தக் கதவை மூடியவர் அவர்.

தோணி அப்பா இல்லாமல் புறப்பட்டது. அம்மா கடற்கரையில் நின்று பார்த்தாளாம். என்னிடம், “வேற தண்டல் ஏறிட்டாம்ளா” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பின் பத்தாம் நாளோ என்னவோ, அப்பா கூடத்தில் எழுந்து அகராதியைத் தான்தான் விற்றதாக ஒத்துக்கொண்டார். நாற்பது பேரும் கைதட்டினார்களாம்.

வீடு திரும்பியவருக்குத் தோணி மீண்டும் கிடைக்கவில்லை; யார்டில் வாட்ச்மேன் ஆனார். ஆனால் இன்றுவரை குடிக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இல்லத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் அப்பாவுக்கு உடம்பெல்லாம் நடுங்கி வாந்தி வந்தபோது, வேலைக்காரரைக் கூப்பிடாமல் சாரே தரையைத் துடைத்திருக்கிறார். அப்பாவின் தலையைத் தன் மடியில் வைத்துக் கழுவிவிட்டிருக்கிறார். அதை அப்பா சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

படிவத்தில் எழுதிய என் கடிதம் அதன் பிறகு என்னுடையதாக இல்லை. பெயரை மறைத்து, நகலெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு இல்லத்துச் சுவரில் மாட்டினார்கள். புதிதாக வரும் வீட்டாருக்கு ‘இப்படி எழுதுங்கள்’ என்று காட்டினார்கள். சார் மதுரையில் ஒரு கருத்தரங்கில் அதைத் திரையில் போட்டுப் பேசினார். அவருடைய ஆராய்ச்சியிலும் அது இருக்கிறது. வருடாவருடம் இல்லத்தின் ஆண்டுவிழாவில் அப்பா மேடையேறி அகராதி விற்ற கதையைச் சொல்வார். வெளியே வருவதற்காக அன்று சொன்னதை, வேறு வழியில்லாமல் திரும்பச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன். அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

“ஏளா, இப்ப நல்லாருக்காருல்லா? நீ இதைப் போய்ச் சொல்லி, மறுபடியும் குடிச்சார்னா? உனக்கு உம் மனசு லேசாவணும். எனக்கு அவர் வேணும்.”

சாரும் இதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னார். மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நினைவுக் கூட்டம் போன சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அதே கூடத்தில் நடந்தது. சாரின் படத்துக்குச் சந்தன மாலை. பக்கத்துச் சுவரில் என் கடிதம். என் பையில் அகராதி இருந்தது. காட்டுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாவைப் பேச அழைத்தார்கள். அவர் வழக்கம்போல் கதையைத் தொடங்கினார். வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார்.

“எம் புள்ளை பரிசு வாங்கின அகராதி. பழைய பேப்பர் கடையில கொண்டு போட்டேன். அந்த அண்ணாச்சி நீலச் சட்டை போட்டிருந்தாரு. தராசுல வச்சதும் முள்ளு ஆடுச்சு பாருங்க, இன்னைக்கும் அது கண்ணுல நிக்கி. சில நாள் வேலைக்குப் போற வழியில அந்தக் கடையைத் தேடுதேன். மூடிட்டான் போலிருக்கு.”

முள் என்னுடையது. நான் எட்டாம் வகுப்பில், விடுதி மேசையில், அழகுக்காக எழுதிய முள். நீலச் சட்டை நான் எழுதாதது. அப்பா சாருக்காகச் சொல்லவில்லை. நம்பிச் சொல்கிறார். இல்லாத கடையைத் தேடுகிறார்.

எழுந்தேன். அம்மா என் தாவணியைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டு மேடைக்குப் போய் அகராதியை அப்பாவின் கையில் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைத் திருப்பினார். என் பெயர், முத்திரை. ஒட்டியிருந்த இரண்டு தாள்களை நகத்தால் பிரித்துப் பார்த்தார்.

“இது எங்கன கெடந்துச்சு?”

“எங்கிட்டதாம்ப்பா. மாடியில மழையில விட்டுட்டேன். பயந்து ஒளிச்சு வச்சேன்.”

“அப்ப நான் போட்டது?”

“நீங்க போடலப்பா. நான் எழுதினது பொய். சாருக்கும் தெரியும். அப்பவே கொண்டுவந்து காட்டினேன்.”

பொறுப்பாளர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, “குடும்ப விஷயத்தை வெளியில வச்சுப் பேசிக்கலாமே” என்றார். யாரும் அசையவில்லை. அப்பா திரும்பி, மாலை போட்ட படத்தை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. வகுப்பில் சரியான விடை சொன்ன பையனைப் போலச் சொன்னார்:

“சார், நான் அன்னைக்கே சொன்னேம்லா.”

இல்லத்தை நடத்துகிற உங்களிடம் மூன்று கேட்கிறேன். சுவரிலிருந்து என் கடிதத்தை இறக்குங்கள். ஆராய்ச்சியில் பத்தாவது பத்தியை நீக்குங்கள். அப்பாவின் கோப்பில் ‘மறுக்கிறார்’ என்பதை அடித்து ‘உண்மை சொன்னார்’ என்று எழுதுங்கள். இதை எழுதும் நாள்வரை அப்பா குடிக்கவில்லை. நாளை எனக்குத் தெரியாது. அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

ஜெயசிங் சாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு பழக்கம்தான். எழுதியதற்கு இப்போதெல்லாம் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். தெரியாத கேள்வியைக் காலியாக விடுகிறேன். போன பரீட்சையில் அதற்காக மதிப்பெண் குறைந்தது. சாரைப் பற்றிய பத்து நல்ல செய்திகளை எழுதும்படி யாராவது ஒரு படிவத்தை நீட்டினால், அவர் தரையைத் துடைத்ததை முதல் எண்ணில் எழுதுவேன். மற்ற ஒன்பது இடங்களையும் அப்படியே விட்டுவிடுவேன்.

அன்று எல்லோரும் தேநீர் குடிக்க வெளியே போன பிறகும் அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து, அகராதியை மடியில் வைத்து, ஒட்டிய தாள்களைக் கிழியாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா வாசலில் நின்றாள். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் கூடத்தின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.