தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் வழி

அமலராணி ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு டீச்சர். வகுப்பில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு, அதில் அவள் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பிரசங்கத்தை இழுத்தால் இவள் பெஞ்சுக்கு அடியில் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பாள். பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு, கேஸை மூடினோமா என்று திரும்பி வருவாள். அது அவள் பிறவிக் குணம் என்பார் அவள் கணவர் டெனிஸ். இருக்கலாம். ஆனால் பாதிக் குணத்துக்குத்தான் பிறவி பொறுப்பு. மீதிப் பாதிக்கு டெனிஸும் அவர் சிட்லபாக்கத்தில் கட்டிய வீடும் பொறுப்பு.

வீட்டைக் குறை சொல்ல முடியாது. காற்று வரும், வெளிச்சம் வரும், ஏரி பக்கம் என்பதால் போர்வெல்லில் தண்ணீரும் வரும். மொட்டை மாடிக்குப் போக நல்ல அகலமான படிக்கட்டு. அந்தப் படிக்கட்டு முடிகிற இடத்தில் மழை இறங்காமல் இருக்க ஒரு சின்ன அறை, அதன் தலைமேல் தண்ணீர்த் தொட்டி. மொட்டை மாடியிலிருந்து அந்தத் தொட்டிக்கு ஏற மட்டும் வழி கிடையாது. இந்தப் பக்கத்தில் பத்து வீட்டுக்கு எட்டு வீடு அப்படித்தான். கிரானைட்டுக்குக் கடை கடையாக அலைவார்கள், பூஜை அறைக் கதவுக்கும் ஜெபமேடைக்கும் தச்சரைத் தேடிப் பிடிப்பார்கள். தொட்டியை யார் போய்க் கழுவுவது என்று ஒருவரும் யோசிக்கமாட்டார்கள். யோசித்தவர்களும் டெனிஸைப் போல, மேலே இன்னொரு மாடி எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள்.

மேல்மாடி மகன் ஜோஸ்வினுக்கு. அதற்காகவே மொட்டை மாடியின் மூலைகளில் தூண் கம்பிகளை ஆளுயரத்துக்கு நீட்டி விட்டிருந்தார் டெனிஸ். ஜோஸ்வின் படித்தான், பெங்களூரில் வேலைக்குப் போனான், அங்கேயே கல்யாணம், அங்கேயே லோன் போட்டு ஃப்ளாட். கம்பிகள் துருப்பிடித்துக்கொண்டு நின்றன. அமலராணி அவற்றில் கொடி கட்டித் துணி உலர்த்தினாள். மேல்மாடி வராது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை யார் முதலில் சொல்வது என்பதுதான் பாக்கி.

தொட்டிக்கு இதெல்லாம் தெரியுமா? அதற்கு மாதத்துக்கு ஒரு வியாதி. மிதவை வால்வு சிக்கிக்கொள்ளும். காற்றில் மூடி பறக்கும். பக்கத்து வீட்டு மாமர இலை வந்து அந்தச் சின்னக் கூரையின் மழைநீர்க் குழாயை அடைக்கும். ஒவ்வொன்றுக்கும் டெனிஸ் ஏறுவார். ஏறும் லட்சணத்தைக் கேளுங்கள். மடக்கு அலுமினிய ஏணியை விரித்து, அதன் உச்சிப் படியில் நின்று, கதவுக்கு மேலிருக்கும் சன்ஷேடைப் பிடித்து, அதில் ஒரு முழங்காலை ஊன்றி, உடம்பைத் தூக்கி மேலே போட வேண்டும். ஏணிக்குப் பக்கத்திலேயே தொடை உயரக் கைப்பிடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் நேரே தெரு.

இந்த வித்தையைச் செய்கிறவருக்கு உத்தியோகம் என்ன தெரியுமா? மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சேஃப்டி சூப்பர்வைசர். அங்கே பெல்ட் மாட்டாமல் எவனாவது ஏணியில் கால் வைத்தால் அன்றைய வேலையையே நிறுத்திவிடுவார். வீட்டில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறுவார். அமலராணி கீழே ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு, அவர் மேலே நடக்கும் சத்தத்தைக் காதாலேயே பின்தொடர்வாள். சத்தம் நின்றால் இவளுக்கு மூச்சு நிற்கும். இறங்கி வந்ததும் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காதது போல் டீ குடிப்பார்கள்.

போன வருஷம் அவளே ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வெல்டர் தாமோதரனைக் கூட்டி வந்தாள். அவர் ஏணியைப் பார்த்தார், கைப்பிடிச் சுவரைப் பார்த்தார், உச்சுக் கொட்டினார்.

"இன்னா சார், இதுலயா ஏறிகினு கீறீங்க? பேஜாராப் பூடும் சார். அந்த மூலைல கம்பிய வெட்டிட்டா இரும்புப் படி சும்மா ஜம்முனு ஒக்காரும். ரெண்டு பக்கமும் கைப்பிடி குட்த்துடறேன்."

கம்பியை வெட்டுவது என்ற வார்த்தை வந்ததும் டெனிஸ் முகம் மாறிவிட்டது. வேறு மூலை இல்லையா என்றார். வேறு மூலையில் ஜன்னல் இருக்கிறது, குழாய் இருக்கிறது என்றார் தாமோதரன். அப்படியென்றால் கொஞ்சம் பொறுத்துச் செய்யலாம், பையன் ஒருநாள் மாடி எடுத்தாலும் எடுப்பான் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார் டெனிஸ். அமலராணி அன்று சோற்றைத் தட்டில் வைத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். ஆனால் மேல்மாடி வராது என்ற அந்த ஒரு வாக்கியத்தை அவளும் சொல்லவில்லை. அவளுக்கும் மகன்தானே.

இந்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு டெனிஸிடம் ஏதோ மாற்றம். தொட்டி மூடி பறந்த அன்று மேலே போனவர் இறங்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். இறங்கியதும் மொட்டை மாடித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்கால் என்றார். அமலராணி தைலம் தேய்த்துவிட்டாள். மனசுக்குள் ஒரு எறும்பு ஊர ஆரம்பித்தது. அவளுக்குத்தான் எப்போதும் ஏதாவது ஊருமே என்று அதையும் சேர்த்து ஒதுக்கிவிட்டாள்.

டிசம்பரில் பெருமழை வந்தது. பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். தொழிற்சாலைக்கு ஏது மழை லீவு? டெனிஸ் விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார். பகல் முழுக்க மழை விடவில்லை. மத்தியானத்துக்கு மேல் படிக்கட்டுப் பக்கம் போனவள் சுவரில் தண்ணீர் வழிவதைப் பார்த்தாள். மேல் கூரையில் குழாய் அடைத்து, தேங்கிய நீர் உள்ளே இறங்குகிறது. அது ஸ்விட்ச் போர்டை நோக்கிக் கோடு போட்டுக்கொண்டு வந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தாள். வாளி வைத்தாள், துணி திணித்தாள், பழைய துண்டால் துடைத்தாள். தண்ணீர் பாட்டுக்கு வந்தது.

பிளம்பரைக் கூப்பிட்டாள். அவன் தன் வீட்டுக்குள்ளேயே முழங்கால் தண்ணீர் என்றான். டெனிஸைக் கூப்பிடப் போனை எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? வந்து, சட்டையைக் கழற்றி, இந்தப் பாசியில், இந்த மழையில், அந்த ஏணியில் ஏறுவார். கூப்பிடாவிட்டாலும் சாயங்காலம் வந்து அதையேதான் செய்வார். உள்ளே நடந்தாள், வெளியே நடந்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் வருவதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு நைட்டியும் அதற்குக் கீழே மகனின் பழைய பேன்ட் ஒன்றும் மாட்டிக்கொண்டு ஏணியைத் தூக்கினாள்.

ஏறிவிட்டாள். எப்படி ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. குழாய் வாயில் கையை விட்டு அழுகிய மாவிலையை அள்ளி அள்ளி எறிந்தாள். தேங்கிய தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியபோது அவளுக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு இறங்கப் பார்த்தாள். சன்ஷேடில் வயிற்றைப் பதித்து, காலைத் தொங்கவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஏணிப் படியைக் காலால் தேடினாள். கால் பட்டதும் ஏணி பாசியில் வழுக்கி, கைப்பிடிச் சுவரில் மோதிச் சாய்ந்தது. எப்படியோ உடம்பை இழுத்து மேலே போட்டுக்கொண்டாள். கத்தினாள். மழையில் யாருக்குக் கேட்கும்? தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக எழுந்து நடக்க இடமில்லாமல் உட்கார்ந்தாள்.

டெனிஸ் வந்தபோது மழை தூறலாகியிருந்தது. வீடு திறந்து கிடக்க, ஆளைக் காணோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே மாடிக்கு வந்தவர் சாய்ந்த ஏணியைப் பார்த்துவிட்டு, முதலில் ஓடியது கைப்பிடிச் சுவருக்கு. குனிந்து தெருவைப் பார்த்தார். அமலராணி மேலிருந்து அதைப் பார்த்தாள். அவர் எதைத் தேடுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"ஏங்க, இங்க இருக்கேன்" என்றாள்.

அவர் திட்டவில்லை. ஏணியை நிமிர்த்தினார். கோணிப் பையை மடித்து அதன் காலடியில் போட்டார். மேலே வந்து கையைப் பிடித்து இறக்கிவிடுங்கள் என்றாள் அவள். டெனிஸ் முதல் படியில் கால் வைத்தார். இரண்டாவதிலும் வைத்தார். அங்கேயே நின்றார். பிறகு மெதுவாகக் கீழே இறங்கிவிட்டார்.

"என்னால ஏற முடியாது ராணி" என்றார். "தலை சுத்துது. ரெண்டு மூணு மாசமாவே சுத்துது. உயரத்துல ஏறவே கூடாதுன்னு கம்பெனி டாக்டர் சொல்லிட்டார்."

அப்படியென்றால் மூடி பறந்த அன்று? வால்வு மாற்றிய அன்று? அவள் இந்த ஏணியைத்தானே பிடித்துக்கொண்டு நின்றாள். தலை சுற்றும் மனுஷனையா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்? கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதையும் செய்ய அங்கே இடமில்லை.

டெனிஸ் ஏணியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கீழிருந்தே சொல்லிக்கொடுத்தார். முகம் சுவரைப் பார்த்து இருக்கட்டும், கீழே பார்க்காதே, இடது காலை மெதுவாக இறக்கு என்றார். அவள் பாதம் எட்டியதும் ஒரு கையால் அதைப் பிடித்துப் படியில் வைத்தார். அடுத்த காலையும் அப்படியே வைத்தார். அவள் தரையைத் தொட்டாள். தொட்டதும் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"ஏன் சொல்லல? இத்தனை நாள் என்கிட்ட ஏன் சொல்லல நீங்க?"

"சொன்னா நீ ஏறுவே" என்றார் டெனிஸ்.

அமலராணி உடம்பெல்லாம் மாவிலைச் சேறு வழிய அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் அந்த ஈரத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டார், துடைக்க முடிகிற ஈரமா அது, இருந்தும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவளைத் தாண்டி மூலையைப் பார்த்தார். துருப்பிடித்த கம்பிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். டெனிஸ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் கொடுத்து, தாமோதரன் நம்பரைப் போடச் சொன்னார். அவள் போட்டுக் கொடுத்தாள். மழை விட்டதும் வருவதாகச் சொன்ன தாமோதரன், மூலைக் கம்பியை என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

"வெட்டிடுங்க" என்றார் டெனிஸ். போனை வைப்பதற்கு முன், "பையன் பெங்களூர்லயே இருந்துட்டான்" என்றார்.