தரைவழி வந்த மஞ்சள் விமானம்

ஹாலிஸ் பென்ட் ஊரில் லாடி க்ருபிச்காவைப் பிடிக்காதவர்கள் யாருமில்லை. ஆனால் அவர் பக்கத்தில் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரக்கூடியவர்களும் அதிகமில்லை. சோளம் விலையைப் பற்றிப் பேச்செடுத்தாலும் சரி, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி எடுத்தாலும் சரி, அவர் அதைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோய்த் தன் விமானத்தில்தான் இறக்குவார். எழுபத்தாறு வயது. நெப்ராஸ்கா மண்ணில் பிறந்து, அதிலேயே உழுது, அதைவிட்டுக் கொஞ்சம் மேலே எழும்பிப் பார்ப்பதையே வாழ்க்கையின் ஒரே சுகமாக வைத்திருந்தவர்.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மஞ்சள் நிறம், இரண்டே இருக்கை, ஒன்றன்பின் ஒன்றாக. குழாய்ச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் போர்த்திச் சாயம் பூசியது. சோளக் கொல்லைக்கும் சோயாக் கொல்லைக்கும் நடுவே அவரே புல் வெட்டி வைத்திருந்த ஓடுபாதையிலிருந்து கிளம்பும். அதில் ஒரு விசேஷம், பைலட் உட்காருவது பின்னால், கூட வருபவர்தான் முன்னால். லாடி கல்யாணமான புதிதில் அதை வாங்கினார். அவரும் மனைவி ஆர்லிஸும் ஒரே கோடையில் அதில்தான் பறக்கக் கற்றார்கள். ஆர்லிஸுக்கு அவருக்கு முன்னாலேயே லைசென்ஸ் கிடைத்துவிட்டது. இந்த விவரத்தை லாடி யாரிடமும் மறைத்ததில்லை. நாளடைவில் அவருக்கே மறந்துபோயிற்று, அவ்வளவுதான்.

ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஊர் விமான நிலையத்தில் திருவிழா. சுற்றுவட்டாரத்து விமானங்கள் எல்லாம் பறந்து வந்து ஒரு பக்கம் நிற்கும். பழைய கார்கள் இன்னொரு பக்கம் பளபளவென்று நிற்கும். பெரிய கொட்டகைக்குள் ஆர்லிஸ் தலைமையில் பான்கேக் வேகும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்த பைலட்டுக்குப் பான்கேக் இலவசம். காரில் வந்தவர்கள் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும். லாடியின் வீட்டிலிருந்து விமான நிலையம் நடந்தே போகிற தூரம்தான். ஆனாலும் அவர் ஒருவருஷம்கூடத் தவறாமல் பறந்தே போவார். அந்த ஓசித் தட்டுக்காக அவர் எரிக்கிற பெட்ரோலுக்கு ஊருக்கே விருந்து வைக்கலாம் என்று ஆர்லிஸ் சொல்வாள். லாடிக்கு அதெல்லாம் காதில் ஏறாது. வரிசையில் நின்று, பறந்து வந்ததற்கு அடையாளமாகக் கையில் குத்திய விமான விசிறி முத்திரையைக் காட்டி, தட்டை வாங்கிக்கொண்டு, பைலட்டுகளோடு கொட்டகை நிழலில் போய் உட்காருவதில் இருக்கிற சுகம் அவருக்கு வேறெதிலும் இல்லை.

பழைய கார்க்காரர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அவர்களின் தலைவர் மெர்ல் டீட்ஸ் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர். அவரையே விடமாட்டார்.

"வண்டியைத் துடைக்கிறது, பின்னால நாற்காலி போட்டு உட்கார்றது, வீட்டுக்குப் போய் மறுபடி துடைக்கிறது. இது ஒரு பொழைப்பாடா மெர்ல்?" என்பார்.

"உன்னோடது என்னவாம்? புல்லு வெட்டற மெஷினுக்கு ரெக்கை கட்டி வச்சிருக்க," என்பார் மெர்ல்.

இந்தக் கொண்டாட்டமெல்லாம் போன மார்ச் மாதம் நின்றது. பைலட்டுகளுக்கான உடல் பரிசோதனையில் டாக்டர் லாடியின் நெஞ்சில் வைத்த குழலை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. இனி அவர் தன் பொறுப்பில் விமானம் ஓட்டக் கூடாது என்றார். உடல்தகுதியுள்ள இன்னொரு பைலட் பொறுப்பேற்று ஓட்டினால் தாராளமாகக் கூடப் போகலாம். இதைக் கேட்ட லாடி, "அதுக்கு என்னைக் கோழி மாதிரி கூண்டுல வச்சே எடுத்துட்டுப் போங்களேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து விமானக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நாலைந்து மாதம் கழித்தார்.

ஆகஸ்ட் நெருங்கியது. திருவிழாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. காரில் போய் வாசலில் இறங்கி, காசு கொடுத்துத் தட்டை நீட்டவும் முடியாது. அப்படி ஒருமுறை நீட்டிவிட்டால் தான் பைலட் இல்லை என்று ஊரறிய ஒத்துக்கொண்டதாகிவிடும். பிறகு பைலட் என்று தன்னை எவன் மதிப்பான்?

அப்போதுதான் அந்த அருமையான யோசனை பிறந்தது. பறக்கத்தானே கூடாது என்றார்கள்? தரையில் உருட்டிக்கொண்டு போகக் கூடாது என்று எவனாவது சொன்னானா?

சனிக்கிழமை காலை ஆர்லிஸ் மாவு கரைக்கப் போன பிறகு, லாடி விமானத்தின் வாலை வேலிக்கம்பத்தில் கட்டினார், முன்விசிறியைக் கையால் சுற்றிவிட்டார். இத்தனை மாதம் சும்மா கிடந்த எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. தன் கைராசி என்று பூரித்துப் போனார். கட்டை அவிழ்த்து ஏறிக்கொண்டு, களத்தைத் தாண்டிச் சரளைக்கல் சாலையில் இறங்கினார். அறுவடை இயந்திரங்கள் போகிற அகலமான சாலைதான். இறக்கைகள் இரண்டும் தபால் பெட்டிகளுக்கு மேலாக ஜம்மென்று போயின. மாடுகள் மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

பாதி வழியில் பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு மின்னியது. போலீஸ்காரர் கர்ட் நோவாட்னி தன் வண்டியிலிருந்து இறங்கி, கதவருகே வந்து இறக்கையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். லாடி எஞ்சின் வேகத்தைக் குறைத்தார்.

"மிஸ்டர் க்ருபிச்கா, குடிச்சிருக்கீங்களா?"

"காப்பி குடிச்சிருக்கேன்."

"ரோட்டுல பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு வர்றீங்களே."

"இது தரையில நிக்கும்போது மூக்கைத் தூக்கிட்டு நிக்கும் தம்பி. நேரா போனா முன்னால இருக்கறது தெரியாது. வளைஞ்சு வளைஞ்சுதான் போகணும். உங்க அப்பாவை வேணா கேளு, அவரை ஏத்திட்டுப் போயிருக்கேன்."

"லைசென்ஸ் இருக்கா?"

"கார் லைசென்ஸ் இருக்கு. வேணுமா?"

கர்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இதற்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது என்று அவருக்கும் புரியவில்லை. திருப்பி அனுப்பலாம் என்றால் அந்த இறக்கையோடு சாலையில் திரும்ப இடமில்லை.

"சரி, நான் முன்னால போறேன், பின்னாலயே வாங்க. ஆனா ஒண்ணு, சாயந்தரம் இதே ரோட்டுல இதை மறுபடி பாத்தேன்னா இழுத்துட்டுப் போய் ஸ்டேஷன்ல கட்டிருவேன். எப்படியாவது வேற வழியா வீட்டுக்குக் கொண்டு போங்க."

போலீஸ் விளக்கு மின்ன, ராஜா ஊர்வலம் மாதிரி லாடி விமான நிலைய வாசலை அடைந்தார். வாசலில் கார்களை வரவேற்று வரிசைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் மெர்ல். வாழ்க்கையில் அப்படி ஒரு வாய்ப்பு அவருக்கு வாய்த்ததே இல்லை.

"வாப்பா லாடி. எந்த வருஷத்து வண்டி?"

"ஒதுங்கு. நான் விமானத்துல வந்திருக்கேன். பைலட்டுங்க பக்கம் போகணும்."

"வானத்துல வந்தா அந்தப் பக்கம். வாசல்ல வந்தா என் பக்கம். இந்தா நம்பர்." எண் எழுதிய அட்டையை விசிறியிலேயே நூல் போட்டுக் கட்டிவிட்டார் மெர்ல்.

லாடி நேராகக் கொட்டகைக்குள் போனார். வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும் தட்டை நீட்டினார். ஆர்லிஸ் தோசைக்கரண்டி போன்ற அந்த அகலக் கரண்டியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"எங்க முத்திரை?"

"எதுக்கு முத்திரை? விமானம் வெளியில நிக்குது, போய்ப் பாரு."

"பாத்தேன். ஊரே பாத்துச்சு. பறந்து வந்தியா, உருட்டிட்டு வந்தியா?"

"ஓட்டிட்டு வந்தேன்."

"அப்ப காசு கொடு. சிரப் அந்தப் பக்கம் இருக்கு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். லாடி தட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். பசி ஒரு பக்கம், வீம்பு ஒரு பக்கம். விமானத்துக்குப் பின்னால் மெர்ல் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார். அதில் உட்காரக் கூடாது என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கால் கடுத்தது. உட்கார்ந்தார். மெர்ல் தன் வீட்டுக் கோலாச்சிப் பன்னில் ஒன்றை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார். ஆப்ரிகாட் ஜாம் வைத்தது. யாரும் பார்க்காதபோது தின்றார்.

அங்கிருந்து பைலட்டுகள் உட்காருகிற கொட்டகை நிழல் நன்றாகத் தெரிந்தது. அவர் வழக்கமாக உட்காருகிற பெஞ்சில் வேறு யாரோ இருந்தார்கள். இரண்டு பேர் கை அசைத்தார்கள். வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை. லாடி நாற்காலியைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்பிப் போட்டார். இத்தனை வருஷப் பழக்கம் இவ்வளவுதானா என்று நினைத்தார்.

குழந்தைகள்தான் வந்தார்கள். சுற்றியிருந்த கார்களில் எல்லாம் 'தொடாதே' என்று பலகை. இங்கே பலகை இல்லை என்று தெரிந்ததும் வரிசை கட்டி நின்றார்கள். லாடி ஒவ்வொன்றாகத் தூக்கி உட்கார வைத்தார். ஜடை போட்ட ஒரு சிறுமி நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தாத்தா, இது பறக்குமா?"

"பறக்காம? நல்லாப் பறக்கும்."

"அப்புறம் ஏன் ரோட்டுல ஓட்டிட்டு வந்தீங்க?"

லாடி அவளை இறக்கிவிட்டு அடுத்த பையனைத் தூக்கினார்.

பிற்பகலில் மேற்கே அடிவானம் கருத்தது. அந்தப் பகுதிக்காரர்களுக்கு அந்தக் கருப்பின் ஓரத்தில் தெரிகிற பச்சையைக் கண்டால் போதும், ஆலங்கட்டி மழை என்று தெரிந்துவிடும். வர இன்னும் ஒருமணி நேரம் ஆகலாம். பைலட்டுகள் மளமளவென்று கிளம்பினார்கள். கார்க்காரர்கள் மெத்தை, போர்வை, கம்பளி எல்லாவற்றையும் எடுத்து வண்டிகளுக்குப் போர்த்திக்கொண்டே வெளியேறினார்கள். கொட்டகையில் இருந்த இடத்தை அதற்குள் மற்ற விமானங்கள் அடைத்துக்கொண்டன.

லாடி நடுத்திடலில் நின்றார். வெளியே விட்டால் ஆலங்கட்டி அந்தத் துணி இறக்கையைச் சல்லடையாக்கிவிடும். சாலையில் கர்ட் நிற்கிறார். பறந்தால் இரண்டு நிமிஷம், ஆனால் பறக்கக் கூடாது. ஒருகணம் அவர் கண் விமானத்தின் சின்னக் கதவுப் பக்கம் போனது என்பது உண்மைதான்.

"நினைக்காத," என்றாள் ஆர்லிஸ். மாவு ஒட்டிய மேலங்கியைக் கழற்றிக்கொண்டே வந்திருந்தாள். "முன்னால ஏறு. பின் சீட்டு எனக்கு."

"உனக்கா? நீ விமானம் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

"ரெண்டு நாள் ஆச்சு. நீ வியாழக்கிழமை காப்பிக் கடைக்குப் போறப்பெல்லாம் ஒரு சுத்து போயிட்டு வர்றேன். எஞ்சினைச் சும்மா போட்டா துருப்பிடிச்சிரும்ல."

காலையில் ஒரே சுற்றில் பிடித்த எஞ்சின் லாடிக்கு ஞாபகம் வந்தது. கைராசி போயிற்று.

"டாக்டர் சர்டிபிகேட்?"

"டாக்டர்கிட்ட உனக்குத் துணைக்கு மட்டும்தான் வர்றேன்னு நினைச்சியா? நீ வெளிய வந்ததும் என் பரிசோதனைக்கு நான் உள்ள போவேன். எத்தனையோ வருஷமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். ரெண்டு தடவை. பேப்பருக்குப் பின்னால இருந்து 'நல்லது, நல்லது'ன்ன."

"அப்ப இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது நீ பறந்து வந்து ஓசிப் பான்கேக் சாப்பிட்டிருக்கலாமே."

"யாரு சுடறது? நீயா?"

கிளம்பாமல் மிச்சமிருந்த பைலட்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் வாசல் வழியாக வந்த அவமானமெல்லாம் ஒன்றுமே இல்லை. இப்போது தன் சொந்த விமானத்தில், எல்லார் கண்ணுக்கும் முன்னால், பயணியாக ஏற வேண்டும். லாடி இறக்கையைப் பார்த்தார், மேற்கே பார்த்தார், ஆர்லிஸைப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு காலை உள்ளே விட்டார்.

முன் இருக்கையில் ஏறுவது அவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு இதுவரை தெரியாது. முழங்கால் ஒரு பக்கம் சிக்கியது, தலை ஒரு பக்கம் இடித்தது. மெர்ல் வந்து பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினார்.

"ரெண்டு நாய்க்குட்டி ஏத்தற இடம்டா இது. எப்படி ஆர்லிஸை இதுல உக்கார வச்ச?" என்றார்.

விசிறியைச் சுற்ற ஒரு பைலட் ஓடி வந்தார். விசிறியைச் சுற்றுமுன் பொறுப்பான பைலட்டைக் கேட்கிற வழக்கப்படி, "சுவிட்ச் ஆஃபா?" என்று கேட்டார். லாடி பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். ஆனால் அவர் லாடியைப் பார்க்கவில்லை. லாடியின் தலைக்கு மேலாக, பின்னால் பார்த்தார்.

"ஆஃப்," என்றாள் ஆர்லிஸ்.

லாடி வாயை மூடிக்கொண்டு கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

விமானம் எழும்பியது. லாடிக்கு முன்னால் யார் தலையும் இல்லை. தன் ஊர், தன் கொல்லை, குளம், சாலையில் எறும்பு மாதிரி ஊரும் கார்கள், அவற்றின் நடுவே கர்டின் விளக்கு, எல்லாம் பளிச்சென்று கிடந்தன. ஆர்லிஸ் கொல்லைக்கு மேலே ஒரு திருப்பம் போட்டாள், கிண்ணத்தில் பால் ஒருபக்கம் சாய்வது போல அத்தனை பதமாக. கீழே இறங்கும்போது லாடிக்கு நாக்கு துறுதுறுத்தது.

"கொஞ்சம் ஒசரமா வர்ற மாதிரி இருக்கே," என்றார்.

"பயணிங்க பேசாம வரணும்," என்றாள் ஆர்லிஸ்.

மூன்று சக்கரமும் ஒன்றாகப் புல்லைத் தொட்டன. லாடி இறக்கினால் ஒரு குதி குதிக்கும். இது குதிக்கவில்லை.

ஆர்லிஸ் விமானத்தை வீட்டுக் கொட்டகைக்குள் ஓட்டி நிறுத்திவிட்டு, இறங்கிக் கதவை இழுத்து மூடியதுமே ஆலங்கட்டி தகரக் கூரையில் விழ ஆரம்பித்தது. லாடி இன்னும் முன் இருக்கையில்தான் இருந்தார், இறங்கத் தெரியாமல். ஆர்லிஸ் கீழே நின்று கையை நீட்டினாள். அவர் கையைப் பிடித்தார், ஆனால் இறங்கவில்லை.

"ஆர்லிஸ், நீ என்னைவிட நல்லா ஓட்டற," என்றார்.

"என்ன? இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

லாடி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். யாரும் இல்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கூரைச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"என்னைவிட நீ நல்லா ஓட்டறன்னு சொன்னேன்."

ஆர்லிஸ் காதோரம் கையைக் குவித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாள். சரியாகக் கேட்கவில்லை என்றும், இன்னொரு தடவை சொல்லும்படியும் சைகை காட்டினாள்.