நனைந்த மண்ணில் பட்டிப்பூ

என் பேத்தி போனை ஒரு பூவுக்கு நேரே பிடித்தால் அது பெயர் சொல்லிவிடுகிறது. போன வைகாசியில் என்னை எங்கள் மலைக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு பூவாகப் போனைப் பிடித்தாள். போன் வாய் திறக்குமுன் நான் சொன்னேன். காயா, நொச்சி, ஆவாரை, ஒன்றிலும் பிழை விடவில்லை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் பூவில் என்னை யாராலும் மடக்க ஏலாது. எனக்குப் படிப்பித்தவை ஆடுகள். எந்தப் பூவை ஆடு கடிக்கும், எதை மணந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுருக்கும் என்பதெல்லாம் ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரியும்.

கடைசியில் பேத்தி ஒரு பட்டிப்பூவை, சிலர் நித்தியகல்யாணி என்கிற பூவை, காட்டி, "இது காட்டுப்பூவோ அம்மம்மா, ஆரும் நட்டதோ?" என்று கேட்டாள். நட்டதா தானாக முளைத்ததா என்று போனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. "வா, வெயில் ஏறுது" என்று அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

எங்கள் ஊர் கடலோரத்துச் சல்லி. ஊருக்குப் பின்னால் இருக்கிற பாறைமேட்டைத்தான் மலை என்கிறோம். மலைநாட்டுக்காரர் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருசம் தம்பிக்கு அம்மாள் வருத்தம் வந்தது. உடம்பெல்லாம் முத்து. அய்யா மீன் தொழிலுக்குப் போய்த் தூரத்தில் கடற்கரை வாடியில் தங்கியிருந்தார். அம்மா வாசலில் வேப்பிலை செருகி, குசினியில் தாளிப்பை நிறுத்தி, பத்து நாளாய் வேலிப் படலையைத் தாண்டாமல் தம்பியின் பாயோடு இருந்தார்.

மற்ற நேரமென்றால் அம்மா வெள்ளிக்கு வெள்ளி மலைக்கு விறகுக்குப் போவார். போகும்போது இடுப்பில் ஒரு குடம் தண்ணீர் இருக்கும். தாகத்துக்கு என்பார். திரும்பும்போது குடம் வெறுங்குடம், விறகும் ஒரு கைப்பிடிதான். கச்சான் காற்று அடிக்கிற வறண்ட காலத்தில் அம்மாவுக்கு மட்டும் அவ்வளவு தாகம் எடுக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

முத்து வாடியும் தம்பிக்குக் காய்ச்சல் விடவில்லை. கண் திறக்கவில்லை. அம்மாவின் தமக்கை, என் பெரியம்மா, வந்து பார்த்துவிட்டு, இனித் தலைக்குத் தண்ணீர் வார்க்கவேண்டும் என்றார். எங்கள் குடும்பத்தில் அந்தத் தண்ணீருக்கு ஏழு வகைப் பூப் போடுவார்கள். ஏழும் யாருடைய கையும் நடாத, யாரும் தண்ணீர் ஊற்றாத பூவாக இருக்கவேண்டும்.

"போடி ஆட்டுக்காரி," என்றார் பெரியம்மா. "பள்ளிக்கூடத்துக்கு ஒளிச்சு மலையிலை திரிஞ்சதுக்கு இண்டைக்கெண்டாலும் பிரயோசனம் வரட்டும். ஒண்டெண்டாலும் கை நட்ட பூவா இருந்துது, அம்மாள் கோவிச்சுப் பிள்ளையைத் தன்னோடை கூட்டிக்கொண்டு போயிடுவா. விளங்குதோ?"

விளங்கிற்று. ஆடுகளைச் சாய்த்துக்கொண்டு ஓடினேன்.

கொன்றை, காயா, ஆவாரை, எருக்கு, நொச்சி, நெருஞ்சி. ஆறும் மடியில் சேர்ந்துவிட்டன. ஏழாவது கிடைக்கவில்லை. மழை கண்டு நாலு மாதம். புல்லே கருகிக் கிடக்கிற மலையில் பூவுக்கு எங்கே போவது? உச்சி வெயில். அடிக்கிற காற்றில் பாவாடை காலில் சுற்றிச் சுற்றித் தடுக்கியது.

மலையின் அந்தப் பக்கத்தில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை உண்டு. ஆடுகள் அதற்கு அப்பால் போகா. அன்று நான் மட்டும் அதைச் சுற்றிப் போனேன். போனதும் காற்று நின்றுவிட்டது. முகத்தில் யாரோ கை வைத்துப் பொத்தியது போல இருந்தது. கீழே கடல் தெரிந்தது. அதன் சத்தம் மட்டும் இல்லை.

பாறையின் அடியில் வெள்ளைப் பட்டிப்பூ பூத்திருந்தது. ஒன்று இரண்டல்ல. என் கை நீளத்துக்கு, பாய் விரித்தது போல. சுற்றிவரக் கூழாங்கல். ஓரத்தில் ஒரு சிரட்டை. ஒரு செடியின் தண்டில் கறுப்பு வளையல் ஒன்று கோத்துக் கிடந்தது. என் இரண்டு விரல்தான் அதற்குள் போகும்.

குனிந்து ஒரு பூவைப் பிடுங்கினேன். மண் கையில் ஒட்டியது. ஈரம். அப்போதுதான் ஊற்றிய ஈரம். சிரட்டையின் அடியிலும் ஒரு மிடறு தண்ணீர் நின்றது. சுற்றிப் பார்த்தேன். ஆள் நடமாட்டம் இல்லை. ஆனால் என் முதுகுக்குப் பின்னால் யாரோ, என்னிலும் சின்னதாய் யாரோ, நின்று பார்ப்பது போல் மயிர் கூச்செறிந்தது. திரும்பாமல் ஓடினேன். ஆடுகள் எனக்கு முன்னால் ஓடின.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா பூக்களைச் சுளகில் பரப்பினார்.

"பட்டிப்பூவோ? இது வீட்டு வளவுகளிலை நடுற பூவல்லோடி!"

"மலையிலை தானா முளைச்சு நிண்டது பெரியம்மா," என்றேன். தம்பியைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

பாயில் இருந்த அம்மா தலையை நிமிர்த்தினார். "எங்கை?"

"யானைப் பாறைக்குப் பின்னாலை."

"வளையல் கிடந்ததோ?"

வளையலைப் பற்றி நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஓமென்று தலையை ஆட்டினேன்.

"மண் காய்ஞ்சு போச்சோ?" என்றார் அம்மா. "பத்து நாளாச்சு."

"இல்லையம்மா. நனைஞ்சு கிடந்தது."

அம்மா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. "சத்தியமா நான் போகேல்லையடி," என்றார் மெதுவாக.

அம்மா எழுந்து வந்து அந்தப் பூவை எடுத்து முதலாவதாகத் தண்ணீரில் போட்டார். மற்ற ஆறும் பிறகுதான்.

"என்ன செய்யிறாய்? கை நட்ட பூவெல்லே!"

"இருக்கட்டும் அக்கா. அது வந்து தம்பியைப் பாக்கட்டும்."

எது வந்து பார்க்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் பொய்க்கு அம்மா ஏசவில்லை என்ற ஆறுதலில் இருந்தேன். பொழுதுபடுமுன் தம்பி கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான்.

அடுத்த வெள்ளி அம்மா விறகுக்குப் புறப்பட்டபோது என் இடுப்பிலும் ஒரு சின்னக் குடத்தை வைத்தார். பாறைக்குப் பின்னால் மண் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. அம்மா அதில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தார்.

"அண்டைக்கு ஈரத்தை வடிவாப் பாத்தனியோ பிள்ளை?"

"ஓம் அம்மா. கையிலை ஒட்டினது."

"நீயும் ஊத்து," என்று சிரட்டையை என்னிடம் தந்தார்.

எனக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை பிறந்ததையும், பல் முளைக்குமுன் காய்ச்சலில் போய்விட்டதையும், அந்த வயதுப் பிள்ளையை எரிக்காமல் புதைத்து, அம்மா அதன் மேல் பூ நட்டதையும் பெரியம்மா எனக்குச் சொன்னது என் கலியாணத்துக்கு முதல் நாள். அந்தப் பத்து நாளும் தண்ணீர் ஊற்றியது யாரென்று கேட்டேன். பெரியம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

அதுவரைக்கும் இது ஒன்றும் தெரியாமல் நான் ஒரு வெள்ளி தவறாமல் குடம் சுமந்தேன். காட்டுப்பூ என்று ஒரு பொய் சொன்னதற்கு இத்தனை வருசத் தண்டனையோ என்று, அந்த வெள்ளைப் பூக்களைத் திட்டித் திட்டித்தான் ஊற்றினேன்.