கேட்டுக்குள் போன சுடுகாட்டுப் பாதை

ஊராட்சி வார்டு உறுப்பினர் என்பது, ஊரில் எல்லோரும் நம்மைத் திட்டலாம், நாம் யாரையும் திருப்பித் திட்டக் கூடாது என்கிற உத்தியோகம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கதவு

ஒரகடம் சாலையிலிருந்து எங்கள் தெருமுனை வழியாகச் சுடுகாட்டுக்கு ஒரு மண்பாதை போகிறது. அரசாங்க வரைபடத்தில் அது வண்டிப்பாதைப் புறம்போக்கு, ஊருக்குப் பொது. பாதையின் இரண்டு பக்க வயல்களையும் ஒரு கிடங்குக் கம்பெனி வாங்கியது. ஒரு நாள் காலையில் பார்த்தால் பாதைக்குக் குறுக்கே நீல நிற இரும்பு கேட். இளவெயிலில் அது மின்னியது அழகாகக்கூட இருந்தது.

ஊராட்சிக் கூட்டத்தில் ஆட்சேபம் சொன்னேன். தலைவர் என்னைவிட இருபது வயது சின்னவர். ஊரின் தெருவிளக்கெல்லாம் அந்தக் கம்பெனி உபயம் என்பதால் அவர் முகத்திலும் அதே வெளிச்சம். "யக்கா, கதவுதான போட்டான்? பூட்டா போட்டான்?" என்றார்.

அவுட் டைம்

அடுத்த மாதம் எங்கள் தெரு முனுசாமி இறந்தார். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம். கேட்டும் தெருமுனையிலேயே இருந்ததால் அன்று எல்லோருமே அதன் முன் நின்றோம். கம்பெனிக் காவலர் ஒடிசாக்காரர், ஐம்பது வயதிருக்கும். தடிமனான நோட்டு ஒன்றை நீட்டி, "என்ட்ரி போடணும் மேடம், ஆர்டர்" என்றார். மேளம் நின்றது. முனுசாமியின் மகன்கள் பாடையை இறக்கிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அடிதடி நடந்தால் வழக்கு யார் மேல் விழும் என்று எனக்குத் தெரியும். பேனாவை வாங்கினேன்.

பெயர், யாரைப் பார்க்க, என்ன வேலை, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். முனுசாமி பெயரையும் சேர்த்தே எழுதி, கீழே 'வார்டு உறுப்பினர்' என்று கையெழுத்துப் போட்டேன். கேட் திறந்தது. காரியம் முடிந்து ஆண்கள் திரும்பியதும், ஒவ்வொரு பெயருக்கும் நேரம் குறித்துக்கொண்டே வந்த காவலர் முனுசாமியிடம் நின்றுவிட்டார். "மேடம், இவருக்கு அவுட் டைம் இன்னா போடறது?"

பழக்கம்

அதற்குப் பிறகு அந்த நோட்டு எங்கள் தெருவுக்குப் பழகிவிட்டது. பால் தெளிக்கப் போகிறவர்கள், விறகு பொறுக்கப் போகிறவர்கள் எல்லோரும் "மெம்பரம்மாவே எழுதினாங்க" என்று எழுதிவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு கன்னியம்மா மட்டும் கேட் முன்னால் ஆடுகளை நிறுத்திக்கொண்டு முறைத்தாள். ஒரு கையெழுத்தில் என்ன தேய்ந்துவிடும் என்று நான்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன். "நம்ம வூட்டு வாசப்படிய தாண்ட பேரு எழுதிகினா போறோம்? இன்னாமோ, படிச்சவ நீ சொல்ற" என்றாள்.

முதல் பக்கம்

கேட்டை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தோம். ஸ்ரீபெரும்புதூர் தாலுகா அலுவலகத்தில் விசாரணை. கம்பெனி வக்கீல் அதிகம் பேசவில்லை. அந்த நோட்டைத் தாசில்தார் அம்மா முன்னால் பிரித்து வைத்தார். "இவங்க எல்லாரும் விசிட்டர்ஸ் மேடம். எங்க அனுமதி வாங்கி வந்து போனவங்க. பொதுப்பாதைன்னா எதுக்கு எழுதணும்?" முதல் பக்கத்தில் என் கையெழுத்து. கல்லூரியில் பாராட்டு வாங்கிய உருண்டை எழுத்து. ஒரு சுழி பிசகவில்லை.

"உங்களுதாம்மா?" என்றார் தாசில்தார். ஆமாம் என்றேன். நேரில் வந்து பாதையைப் பார்த்த பிறகு முடிவு சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். வாசலில் தலைவர் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். "அந்தக் கம்பெனிக்கு நான்கூட இன்னும் கையெழுத்து போட்டுத் தரலயேக்கா."

வெயில்

தாசில்தார் வருவதற்கு முன்பே கன்னியம்மாவின் கணவர் போய்விட்டார். மறுபடியும் கேட், பாடை, நோட்டு. நான் கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டேன். எழுதாமல் திறந்தால் வேலை போய்விடும் என்றார் காவலர். அவர் பிழைப்பு அவருக்கு. ஒரு மணி நேரம் நின்றோம். பாடை மாலைகளில் பூக்கள் கருகின. கேட்டின் உள்பக்கம், கிடங்கிலிருந்து வெளியே வர வேண்டிய கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஹாரன் அடித்தன. தலைவர் பைக்கில் வந்து இறங்கி, "யக்கா, பொணத்த வெயில்ல வெச்சிகினு அரசியல் பண்ணாதீங்க. ஒரே ஒரு கையெழுத்து" என்றார். சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் விரல்கள் தாமாகவே பேனாவைத் தேடின.

கன்னியம்மா தலைமாட்டிலிருந்து எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது. "போடாத மெம்பரம்மா. இருவது வருசம் வேல செஞ்ச கம்பெனி கேட்டுல அட்டைய காட்டிகினுதான் உள்ள போனாரு. இன்னிக்காவது காட்டாம போவட்டும். அவருக்கு இன்னா அவசரம், ஷிஃப்டா போவுது?"

பதினான்காவது லாரி வந்து நின்றதும் எங்கிருந்தோ காவலருக்குப் போன் வந்தது. நோட்டு மூடியது, கேட் திறந்தது.

தாசில்தாரின் முடிவு இன்னும் வரவில்லை என்றாலும், நாலு வருஷப் பதவியில் நான் ஊருக்கு உருப்படியாகச் செய்த ஒரே காரியம், அன்று மத்தியானம் எதையும் எழுதாமல் நின்றதுதான்.