மணல்வாரி மூடிய பள்ளிக்கூடம்

எங்கள் ஊரில் மணல்வாரி அம்மை பரவி, பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தபோது முதலில் சிரித்தது எங்கள் அம்மாதான். அம்மா அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் இரண்டாம் வகுப்பு, அம்மாவின் வகுப்பிலேயே. லீவு என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். டீச்சர்களும் சிரிப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அது பெரிய அதிசயமாகிவிட்டது. இவர்களுக்கே பிடிக்கவில்லை என்றால், பிறகு யாருக்காக நாம் எல்லாரும் தினமும் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறோம்?

அதியமான்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மண் ரோட்டில் கடலைக்காடுகளுக்கு நடுவே நடந்து வந்தால் எங்கள் ஊர். ஊர்க் கோடியில் ஓடு வேய்ந்த ஒரே நீளக் கட்டடம்தான் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்பு, மூன்று ஆசிரியர்கள். தலைமையாசிரியரைப் பெரிய வாத்தியார் என்போம். அந்த வருஷத்தோடு அவருக்கு ஓய்வு. இன்னொருவர் சின்ன வாத்தியார். பாலக்கோட்டுப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் மட்டும் அவருக்கு வகுப்பிலும் தெலுங்கு வந்துவிடும். எங்கள் ஊரில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். சொந்த ஊரில் அவருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. மூன்றாவது ஆள் அம்மா.

மணல்வாரி முதலில் வந்தது எங்கள் வகுப்புக்குத்தான். கொத்தனார் வீட்டுப் பையன் ஒருநாள் காலையில் சிலேட்டின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். தூங்குகிறான் என்று நாங்கள் சிரித்தோம். அம்மா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள், அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் அந்த வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. பிறகு எதிர்வீட்டில், பிறகு அடுத்த தெருவில். வகுப்பில் பாதிப் பேர் இல்லை. கடைசியில் யூனியன் ஆபீஸிலிருந்து பியூன் சைக்கிளில் வந்து, மறு உத்தரவு வரும்வரை மூடிவிடும்படி சொல்லிவிட்டுப் போனார்.

"அப்பாடா, ரெண்டு நாளைக்குக் காலை நீட்டிப் படுக்கலாம்" என்று அம்மா சிரித்தாள். சின்ன வாத்தியார் ஊருக்குப் போக விசிலடித்துக்கொண்டே சைக்கிளைத் துடைத்தார். பெரிய வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. பீரோவைப் பூட்டினார். பிறகு திறந்து பார்த்தார். மறுபடியும் பூட்டினார்.

எனக்கு முந்தின வருஷமே மணல்வாரி வந்து போயிருந்தது. அதனால் ஊரில் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம் என்ற உரிமை எனக்கு இருந்தது. கேள்வி கேட்கும் உரிமையையும் நானே அதோடு சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா. மாமா காலமான பிறகு எங்களோடு வந்துவிட்டவள். பிள்ளைகள் இல்லை. தம்பி பிறந்து சில மாதங்களில் அம்மா மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து அவன் அத்தையின் இடுப்பில்தான் வளர்ந்தான். அதைப் பற்றி அத்தை குறை சொல்லாத நாள் கிடையாது. தெருவில் தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்களை நிறுத்திவைத்துச் சொல்வாள்: "அவ ஊர்ப் புள்ளைங்களுக்குப் பாடஞ் சொல்லப் போயிட்டா. அவ பெத்ததை நான் சொமக்கறேன். என் இடுப்பு என்னாத்துக்கு ஆவும்?"

அதனால் லீவு விட்டதில் மிகவும் சந்தோஷப்படப் போகிறவள் அத்தைதான் என்று நினைத்தேன். அவளும் முதல் நாள் எல்லா வேலையையும் அம்மாவின் பக்கம் தள்ளிவிட்டாள். அம்மா ராகி புடைத்தாள், மாட்டுக்கொட்டகை கூட்டினாள், களி கிண்டினாள். காலை நீட்டிப் படுத்ததை நான் பார்க்கவில்லை. தம்பி அம்மாவின் புடவையைப் பிடித்தபடி அவள் பின்னாலேயே சுற்றினான். அத்தை சோறு பிசைந்து கொண்டுவந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவிடம் ஓடினான். அத்தை கிண்ணத்தை 'ணங்'கென்று வைத்தாள். பிறகு அன்றெல்லாம் பாத்திரங்கள் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தன. வேலை குறைந்த பிறகும் இவளுக்கு என்ன கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்படிச் சில நாள் போயின. ஒரு காலையில் அம்மா திடீரென்று, "பள்ளிக்கூடத்துச் செடியெல்லாம் காஞ்சு கெடக்கும் அண்ணி, தண்ணி ஊத்திட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவள் தலைவாரி, சலவைப் புடவை எதற்குக் கட்டினாள்? நானும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனேன்.

பள்ளிக்கூடத்தை நெருங்கும்போது மணி அடித்தது. தண்டவாளத் துண்டில் அடிக்கிற அதே மணி. ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளிக்கூடத்தில் யார் மணி அடிப்பது? உள்ளே எட்டிப் பார்த்தால், பெரிய வாத்தியார் கோட்டுப் போட்டுக்கொண்டு சுத்தியலோடு நின்றிருந்தார். விசிலடித்துக்கொண்டு ஊருக்குப் போன சின்ன வாத்தியார் படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அம்மா தன் வகுப்பில், தன் நாற்காலியில், சும்மா உட்கார்ந்திருந்தாள். செடிகள் காய்ந்தபடியேதான் இருந்தன.

மூன்று பேரும் திருட்டுத்தனமாக வந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு. நேராகப் பெரிய வாத்தியாரிடமே போய்க் கேட்டேன்: "சார், பள்ளிக்கூடம் மூடுனது உங்களுக்குச் சந்தோஷமா, இல்லியா?"

அம்மா அங்கிருந்தே என்னை முறைத்தாள். பெரிய வாத்தியாருக்குக் கோபம் வரவில்லை. மோட்டுவளையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "தொறந்து வெச்சா சீக்கு பரவும். அதனால மூடுனதுல சந்தோஷம். ஆனா மத்தியானச் சோத்துக்குன்னே வர்ற புள்ளைங்க இருக்குது, அதுங்க இப்ப என்னத்தைத் தின்னும்? அஞ்சாவது பசங்க ஆட்டுப் பின்னால போயிட்டா அப்புறம் புடிக்க முடியாது. அதுல வருத்தம். ரெண்டையும் கூட்டிக் கழிச்சா என்ன வருதுன்னு எனக்கே தெரியல பாப்பா" என்றார். பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. அவருக்கே விடை தெரியவில்லை என்றதும் எனக்குச் சுவாரசியம் கூடிவிட்டது. சின்ன வாத்தியார் பக்கம் திரும்பினேன்.

"எனக்குச் சந்தோஷந்தான்" என்றார் அவர். இன்னொரு கடலையை உரித்தார். "ஊருக்குப் போனனா? அம்மை இருக்கற ஊருலருந்து வந்து பச்சப்புள்ளயத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. தெருவுலயே நின்னேன். வாசப்படியில வெச்சுத் தூக்கிக் காட்டுனாங்க. பாத்துட்டுச் சைக்கிளத் திருப்பிட்டேன்."

"உங்கம்மாவையும் கேட்டுரு" என்றார் பெரிய வாத்தியார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அம்மா சொன்னாள்: "வூட்டுல இருந்தா இங்க நெனப்பு ஓடுது. இங்க வந்தா தம்பி நெனப்பு. நான் என்னன்னு சொல்ல?" சொல்லிவிட்டு, கொத்தனார் பையன் உட்காரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினோம்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அத்தை தம்பியை மடியில் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் கண்கள் சிவந்து மூக்கு ஒழுகியது. அம்மா தொடப் போனாள். அத்தை தடுக்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள்: "கைப்புள்ளய வெச்சுக்கிட்டு அந்தப் புள்ளயத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனியே. இப்பப் பாரு."

சில நாளில் தம்பியின் காதுக்குப் பின்னாலிருந்து தொடங்கி உடம்பெல்லாம் மணலை வாரித் தெளித்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வாசலிலும் வேப்பிலை ஏறியது. தாளிப்பு நின்றது. இதற்கு முன்னால் இரண்டு வீட்டில் கைக்குழந்தைகள் பிழைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதையும் தம்பியையும் நான் சேர்த்து நினைக்கவில்லை. பெரியவர்கள் சேர்த்து நினைத்தார்கள் என்பது அவர்கள் பேசாமல் இருந்ததிலிருந்து தெரிந்தது. தருமபுரியில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்த அப்பா வேலைக்குப் போகவில்லை. "இந்த வேலையே வேணாம், வுட்டுரு" என்றார் அம்மாவிடம். அம்மா உடனே தலையாட்டினாள். "இனி அந்தப் பக்கமே போவல" என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

தம்பி வேப்பிலைப் படுக்கையில் கிடந்தான். ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் அத்தை. இளநீரை ஒருத்தி ஊற்றினால் மற்றவள் வாயைத் துடைப்பாள். இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் அவன் மூச்சு 'கர்கர்'ரென்று இழுத்தது. அத்தை எழுந்துபோய்க் கொட்டகையில் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். மாட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பயந்துபோனேன்.

தம்பி பிழைத்துக்கொண்டான். காய்ச்சல் இறங்கியது, தடிப்பு மறைந்தது, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டிருந்தது. எங்கள் வீட்டிலிருந்தே மணிச் சத்தம் கேட்கும். மணி அடிக்கும்போதெல்லாம் அம்மாவின் கை, செய்துகொண்டிருந்த வேலையில் அப்படியே நின்றுவிட்டு மறுபடி தொடங்கும். போகவில்லை. என்னையும் அனுப்பவில்லை. லீவுச் சீட்டும் கொடுத்தனுப்பவில்லை.

ஒரு சாயங்காலம் பெரிய வாத்தியாரே வந்தார். அம்மை கண்ட வீடு என்பதால் உள்ளே வராமல் தெருவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அம்மா வாசலுக்கு வந்தாள். நான் அம்மாவின் பின்னால்.

"வந்ததே கொஞ்சம் புள்ளைங்கதான் டீச்சர். மிச்சத்தை வூடு வூடாப் போயிக் கூப்பிடணும். வாங்கன்னு கூப்பிடவும் எனக்கு மனசு வரல, வராதீங்கன்னு சொல்லவும் வாய் வரல" என்றார். "கொத்தனார் பையன் வந்துட்டான். ரெண்டாம் வகுப்பை நான்தான் பாக்கறேன். நீங்க பாடற பாட்டெல்லாம் எனக்கு வரமாட்டேங்குது. நான் பாடுனா அந்தப் பையன் அழுவறான்."

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. எதைத் துடைப்பது என்று தெரியாத மாதிரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நான் வரலீங்க சார். வூட்டுல வேணான்னுட்டாங்க" என்றாள்.

அப்போது அத்தை உள்ளிருந்து வந்தாள். தம்பியை எட்டிப் பிடித்து இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "யாரு வேணான்னா? அவன் சொன்னா ஆச்சா?" என்று அப்பாவையும் சேர்த்து அதட்டுவதுபோலச் சொன்னாள். "நாளைக்கு வருவாங்க, நீங்க போங்க சாமி. ஒரு பொட்டச்சி நாளெல்லாம் வூட்டுல இருந்தா வூடு வெளங்குமா? புள்ளய நான் பாத்துக்குவேன். இத்தன நாள் யாரு பாத்தது?"

அம்மா அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை முகங்கொடுக்கவில்லை. தம்பியின் மூக்கைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள். பெரிய வாத்தியார் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் நானும் அம்மாவும் கிளம்பினோம். தம்பி அழுதான். அத்தை அவனைத் தூக்கிக்கொண்டு, "அழுவாத சாமி, காக்கா பாரு, மாடு பாரு" என்று தெருமுனைவரை வந்தாள். அங்கே எதிர்ப்பட்ட ஒருத்தியை நிறுத்தி, "பாத்தியா, மறுபடி என் இடுப்புல கட்டிவுட்டுட்டுப் போறா" என்று ஆரம்பித்துவிட்டாள். தம்பி அழுகையை நிறுத்திவிட்டு அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தான்.

இவ்வளவு குறைப்படுகிறவள், அம்மா போகமாட்டேன் என்று சொன்னபோது பேசாமல் இருந்திருக்கலாமே, ஏன் போகச் சொன்னாள்? வழியெல்லாம் அம்மாவை இதையே கேட்டுக்கொண்டு போனேன். அம்மா, "வெரசா நட" என்று மட்டும் சொன்னாள். சரி, பெரிய வாத்தியாரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் கொத்தனார் பையன் மொட்டைத்தலையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், அதைத் தடவிப் பார்க்கலாமா என்கிற யோசனையில் அந்தக் கேள்வி எனக்கு மறந்துபோய்விட்டது.