ஓமோம் போட்ட தேன்மது

என் பெயர் தவரத்தினம். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் மெத்ரோ ரயில் பாலத்துக்குப் பின்னால் நாலாம் மாடியில் குடியிருக்கிறேன். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது சலாது வெட்டுமளவுக்கு உயர்ந்திருக்கிறேன். இஞ்ஞாசி எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்வரை என்னைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருந்தது.

என் மகன் மிதுசன் ஆனைஸ் என்ற பிள்ளையை விரும்பினான். புதுச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன் இஞ்ஞாசி தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வைனை முகர்ந்தே அது எந்த ஊர்த் திராட்சை என்று சொல்லக்கூடியவர். கலியாணப் பேச்சுக்கால் பேச வந்த அன்று ஒரு நல்ல சிவப்பு வைன் கொண்டுவந்தார். விருந்தாளி தந்ததை மதிக்க வேண்டாமா? ஃபிறிட்ஜில் வைத்து நன்றாகக் குளிரப்பண்ணி, சில்வர் டம்ளரில் ஊற்றி, கூடவே இரண்டு ஐஸ்கட்டியும் போட்டுக் கொடுத்தேன்.

அவர் டம்ளருக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"பரவால்ல சம்பந்தி. வெயிலுக்கு நல்லா ஜில்லுனு இருக்கு" என்றார்.

அது மார்கழி மாதம். மிதுசன் தலையைக் குனிந்துகொண்டான். சிவப்பு வைனைக் குளிரப்பண்ணவும் கூடாது, ஐஸ் போடவும் கூடாது என்று அவன் பிறகுதான் சொன்னான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பிடிவாதம். இந்த மனுசன் நான் ஊற்றிக் கொடுப்பதைக் குடித்து, ஒரு தடவையாவது மனதார "நல்லா இருக்கு" என்று சொல்லவேண்டும். கடையில் வாங்கி அவரை வெல்ல முடியாது. அப்போதுதான் எங்கள் உணவகத்துச் சமையற்காரன் மாக்சிம் வழிகாட்டினான். அவன் பிரெத்தாஞ் மாகாணத்தவன். அங்கே தேனைப் புளிக்கவைத்து வீட்டிலேயே மது செய்வார்களாம்.

"தேன், தண்ணீர், ஈஸ்ட், பொறுமை. வேறொன்றும் தேவையில்லை" என்றான்.

முதல் மூன்றும் சுலபமாகக் கிடைத்தன. தேனை ஒபர்வில்லியே மொத்தக்கடையில் வாளியோடு வாங்கினேன். பெரிய கண்ணாடிக் குடுவையில் தேன்தண்ணீரும் ஈஸ்டும் விட்டு, மாம்பழத்தையும் இஞ்சியையும் வெட்டிப் போட்டு, கறுவாப்பட்டையும் கராம்பும் சேர்த்தேன். குடுவையில் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருக்கவேண்டும் என்று மாக்சிம் சொல்லியிருந்தான். ஆனால் நடக்கப்போவது நல்ல காரியம். நல்ல காரியத்துக்கு நிறைகுடம் வைப்பதா, குறைகுடம் வைப்பதா? கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி, குளியலறையில் வைத்தேன்.

சில நாளில் காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே வெடி வெடித்தது. என் மனைவி கோசலைதான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட மாம்பழம் முகட்டில நிக்குது. வந்து இறக்குங்கோ" என்றாள்.

அங்கே காயப்போட்டிருந்த அவளுடைய கூறைச்சேலை தப்பியது. அதனால் நானும் தப்பினேன்.

இரண்டாவது தடவை மாக்சிம் சொன்னபடி இடம்விட்டு, காற்று மட்டும் வெளியேறும் குழாயும் பொருத்தினேன். மாதக்கணக்கில் அது குளியலறையில் குளுக் குளுக் என்றுகொண்டிருந்தது. பிறகு அடங்கி, கலங்கல் அடியில் படிந்து, மேலே பொன்னிறமாகத் தெளிந்தது. ருசி பார்த்த மாக்சிம் இன்னொரு தரம் கிளாஸை நீட்டினான்.

நிச்சயதார்த்தச் சாப்பாட்டில் ஆட்டிறைச்சிக் கறியை இஞ்ஞாசி ஒரு பிடி பிடித்துவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு இருந்தார். இதற்கென்றே வாங்கிய காம்புக் கிளாஸில் என் மதுவை ஊற்றி நீட்டினேன். ஐஸ் போடவில்லை. முகர்ந்தார். குடித்தார். கண்ணை மூடினார். எனக்குப் பயத்தில் காது அடைத்துவிட்டது.

"சம்பந்தி, இதுல ஏதோ சாமான் போட்டிருக்கீங்க இல்ல? என்னது அது?"

எனக்கு முதல் பாதி மட்டுமே கேட்டது. "ஓமோம்" என்றேன். எங்கள் ஆட்கள் ஆமாம் ஆமாம் என்பதை வேறெப்படிச் சொல்வது?

"ஓமமா! அதானே பாத்தேன்" என்று தொடையில் தட்டினார். பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். "நல்லா இருக்கு சம்பந்தி! இப்படி ஓமத்தண்ணி நான் குடிச்சதே இல்ல. வயிறு அப்படியே லேசாயிடுச்சு."

ஏங்கிக் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. ஆனால் வந்தது ஓமத்துக்கு. எங்கள் வீட்டில் ஒரு சிட்டிகை ஓமம்கூடக் கிடையாது. திருத்தலாம் என்று வாயெடுத்தேன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோசம். கோசலை சிரிப்பை அடக்கமுடியாமல் குசினிக்குள் ஓடினாள்.

அடுத்த வாரமே கார்ஜ் என்ற புறநகரிலிருந்து அவருடைய அக்கா சவரியம்மாள் போன் எடுத்து, வாய்வுக்கு ஒரு போத்தல் கேட்டார். வைன்காரனாகப் பேரெடுக்கப் போனவன் கைமருந்துக்காரனாக ஆகிவிட்டேன்.

பொய்யனாக இருப்பதைவிட ஓமம் போட்டுத் தொலைக்கலாம் என்று முடிவெடுத்தேன். கலியாணத்துக்கான புதுக் குடுவையில் மாம்பழத்தோடு இரண்டு கை ஓமத்தையும் கொட்டினேன். வீடு முழுக்கப் பிள்ளை பெற்ற வீட்டு வாசம். மாக்சிம் முகர்ந்து பார்த்துவிட்டு, வேலைக்குப் பிந்துகிறது என்று போய்விட்டான்.

கலியாண மண்டபத்தில் இஞ்ஞாசி தன் உறவுக்காரரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஆவலாகக் கிளாஸை நீட்டினார். ஊற்றினேன். ஒரு மிடறு குடித்தார். முகம் வாடிவிட்டது. என்னைத் தனியாக ஓரத்துக்கு அழைத்துப்போனார்.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. அன்னைக்குக் குடிச்ச ருசி நாக்குலயே நிக்குது. இது அது இல்ல. இந்தத் தடவ ஓமம் போட மறந்துட்டீங்களா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியானால் இந்த மனுசன் அன்றைக்கு மெச்சியது என்னுடைய தேனையும் மாம்பழத்தையும்தான். இத்தனை மாதமும் அது தெரியாமல் நான்தான் குமைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"மறந்துபோனன் சம்பந்தி" என்றேன்.

"அடுத்த தடவ அன்னைக்குப் போட்ட மாதிரியே போடணும். சரியா?"

"ஓமோம்" என்றேன்.

"ஆங், அதேதான்" என்றார்.